சூசை மாமா குரல் என்னுடையது

சார், சார், ஊற்றாதீர்கள். ஒரு நிமிடம். அந்த ஆயில் கேனைக் கீழே வையுங்கள். அளவு பார்க்கிற குச்சியையும் உள்ளே செருகிவிடுங்கள். பயப்படாதீர்கள், வழிப்பறி இல்லை, ப்ளஸ் டூ. அதோ கீழே தகரக் கூரை தெரிகிறதில்லையா, அது எங்கள் டீக்கடை. என் பெயர் பெர்க்மான்ஸ். கடையிலிருந்தே உங்களைப் பார்த்துவிட்டேன். பானட்டைத் திறந்தீர்கள், குச்சியை உருவினீர்கள், கேனை எடுத்தீர்கள். அவ்வளவுதான், ஓடி வந்துவிட்டேன். மூச்சு வாங்குகிறது, இருங்கள்.

ஆயில் விளக்கு எரிந்ததா? வளைவில் எரிந்து உடனே அணைந்ததா? நிறுத்தியது நல்லது. ஆனால் எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் பாருங்கள். வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. இப்படி நின்றால் ஆயிலெல்லாம் பின்பக்கம் போய் ஒதுங்கிவிடும், குச்சி பொய் சொல்லும். குறைந்திருக்கிறதா இல்லையா, சமதளத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். பின் டயரில் கல் வைத்தது யார் என்று பார்க்கிறீர்களா? நான்தான், வந்ததும் முதலில் அதைத்தான் வைத்தேன். எங்கள் ஊர்க் கை அப்படி. நிற்கிற வண்டியைப் பார்த்தால் கல்லைத் தேடும்.

என்ஜின் பத்து நிமிடம் ஆறட்டும். மேடம், கதவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், காற்று நன்றாக வரும்.

நான் ஏன் இப்படி ஓடி வந்தேன் தெரியுமா சார்? இதே வளைவு. நீங்கள் நிற்கிற இதே இடம். போன வருஷம் மே மாதம். அந்த விஷயத்தில் எனக்கு ஒருவர் பெரிய துரோகம் செய்துவிட்டார். ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நீங்கள் வெளியூர். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நியாயம் யார் பக்கம் என்று.

எங்கள் ஊர் பேரித்தோப்பில் இருபத்திரண்டு டாக்ஸி. ஊருக்குள் சமதளம் ஒன்றே ஒன்று, அந்தோணியார் கோவில் மைதானம். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருபத்திரண்டு பானட்டும் அங்கே வரிசையாகத் திறக்கும். பூசைக்கு வராதவன்கூட ஆயில் பார்க்க வந்துவிடுவான். அதற்காகவே எங்கள் ஃபாதர் பிரசங்கத்தில் சொல்வார், மூக்கால் பேசுவார், கேளுங்கள்: "கடைசி ஆசீர் வரைக்கும் இருங்க பிள்ளைகளா. ஆயில் எங்கயும் ஓடிப்போயிராது."

சிரித்துவிட்டீர்களே மேடம். அது ஃபாதர். கோவில் வேலை பார்க்கிற உபதேசியார் வேண்டுமா? கணக்கு வாத்தியார்? பழைய பஸ் இரண்டாம் கியரில் ஏறுகிற சத்தம்? எல்லாம் வரும். ஒருமுறை ஃபாதருக்கு முகம் தெரியாமல் திரைக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு, உபதேசியார் குரலில் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோவில் ஒயினைக் குடித்துவிட்டேன் என்று சொன்னேன். மூன்று வாரம் ஃபாதர் அவரை ஒயின் அலமாரிச் சாவிப் பக்கமே விடவில்லை.

ஆனால் ஒரு குரல் மட்டும் ரொம்ப நாள் பிடிபடவில்லை. சூசை மாமா குரல்.

சூசை மாமா எங்கள் ஊர் மெக்கானிக். சொந்த மாமா இல்லை, அப்பாவோடு படித்தவர். அப்பா இறந்த பிறகு எங்கள் கடை அடுப்பிலிருந்து தண்ணீர் மோட்டார் வரைக்கும் அவர்தான் பார்க்கிறார். பேச ஆரம்பிக்கும்போது தொண்டையில் ஏதோ பழைய செல்ஃப் மோட்டார் மாதிரி ஒரு சத்தம் வரும். "ம்ஹ்ம்… அதாவது…" என்பார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வராது. போனில் கேட்கிறவன் லைன் கட்டாகிவிட்டது என்று நினைப்பான். பிறகு விஷயத்தைச் சொல்வார். கடைசியில் எப்போதும் ஒரே வார்த்தை: "புரியுதா, இல்ல நான் வரணுமா?"

இந்த மலையில் எந்த வளைவில் எவன் வண்டி நின்றாலும் முதல் போன் அவருக்குத்தான். போனிலேயே பாதி வண்டியைச் சரி செய்துவிடுவார். "மஞ்ச ஒயரை ஆட்டிப் பாரு. புரியுதா, இல்ல நான் வரணுமா?" முடிந்தது.

குரலில் கஷ்டம் அந்த நடுவில் வருகிற ஒன்றுமில்லாத இடம்தான் சார். சத்தத்தைப் பிடித்துவிடலாம். அவர் சும்மா இருப்பதைப் பிடிக்க முடியவில்லை. எட்டாவதிலிருந்து பழகினேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஷெட்டில் கரண்ட் இல்லை. போனை எங்கள் கடையில் சார்ஜ் போட்டுவிட்டுப் போனார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். போன் அடித்தது. தார்சிஸ் என்று காட்டியது.

தார்சிஸ் அண்ணனை உங்களுக்குத் தெரியாது. நல்ல டிரைவர். ஆனால் சூசை மாமாவைக் கேட்காமல் கண்ணாடியைக்கூடத் துடைக்க மாட்டார். பெண் பார்க்கப் போன இடத்திலிருந்து போன் பண்ணி, "அண்ணே, பொண்ணு கொஞ்சம் உயரம், பாக்கலாமா?" என்று கேட்டவர். அப்படிப்பட்ட ஆள் தானாக வந்து காதில் விழுந்தால் நான் என்ன செய்வேன் சார்? எடுத்தேன்.

"ம்ஹ்ம்… அதாவது… சொல்லு."

"அண்ணே, தார்சிஸ். நாளைக்கு விடியக்காலம் மதுரை ஏர்போர்ட் சவாரி. ஆயில் குச்சியில கீழ்க்கோட்டுக்கும் கீழ காட்டுது. கையில ரெண்டு கேன் இருக்குண்ணே. இந்த வண்டிக்குன்னு நீங்க வாங்கச் சொன்ன மெல்லிசு ஒண்ணு. பழைய ஜீப்புக்கு வாங்கின கெட்டி ஒண்ணு. எதை ஊத்த?"

அப்போதுதான் சார் அது வந்தது. அந்த இடைவெளி. நான் ஒன்றும் பேசாமல் இருந்தேன், சூசை மாமா இருக்கிற மாதிரியே இருந்தேன். தார்சிஸ் அண்ணனும் பொறுமையாகக் காத்திருந்தார்.  பிடித்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது.

"உள்ளங்கையில கொஞ்சம் ஊத்து," என்றேன். "ஊத்திக் கையைச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு. ஜெபம் முடியுறதுக்குள்ள வழிஞ்சுச்சுன்னா அந்த ஆயில் வேணாம். ஆமென் வரைக்கும் நின்னா அதுதான் ஆயில்."

அவர் சொன்னார் சார். போனிலேயே கேட்டது. நிறுத்தி, பக்தியாக. நான் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன்.

"மெல்லிசு, பாதி ஜெபத்துல, 'பெண்களுக்குள்'கிட்டயே வழிஞ்சிருச்சுண்ணே."

"கெட்டி?"

"ஆமென் சொல்லி முடிச்சும் நிக்குதுண்ணே."

"அப்ப அது. ஒண்ணரை லிட்டர் ஊத்து. புரியுதா, இல்ல நான் வரணுமா?"

"புரிஞ்சுதுண்ணே. நீங்க எதுக்கு அலையணும்."

இதைவிட நல்ல குரலை நான் செய்ததே இல்லை. இனி செய்யப்போவதும் இல்லை. அது மட்டும் தெரியும்.

ஏழு மணிக்குச் சூசை மாமா வந்தார். போனை எடுத்தார். "யாராச்சும் கூப்பிட்டாங்களாடா?" என்றார். "இல்லை மாமா" என்றேன். அதை மட்டும் என் சொந்தக் குரலில் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எல்லாப் பானட்டும் திறந்திருக்கும்போது தார்சிஸ் அண்ணன் கையில் ஆயிலை ஊற்றி ஜெபம் சொல்லிக் காட்டுவார், ஊரே விழுந்து சிரிக்கும், அப்போது நான் முன்னால் போய் நின்று, "ம்ஹ்ம்… அதாவது…" என்பேன். அதுதான் திட்டம். விடியக்காலம் சவாரி என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. சிரிப்பை அடக்குவதிலேயே இருந்தேன்.

மறுநாள் ஐந்தரை மணிக்குக் கடையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். தார்சிஸ் அண்ணன் கையாட்ட, வண்டி கடந்து போனது. உள்ளே புருஷன், பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. மெயின் ரோட்டைப் பிடிக்க இந்த ஏற்றத்தில் ஏறியது. அப்போது அந்தச் சத்தம் வந்தது.

டீசல் வண்டியில் ஆயில் அளவுக்கு மேல் போனால் என்ன ஆகும் தெரியுமா? என்ஜின் அந்த ஆயிலையே குடித்து எரிக்க ஆரம்பித்துவிடும். சாவியைத் திருப்பி எடுத்தாலும் நிற்காது. சாவி தார்சிஸ் அண்ணன் கையில் இருக்கிறது, என்ஜின் தானாக அலறிக்கொண்டே போகிறது, மேலே மேலே. இந்த வளைவு முழுக்க வெள்ளைப் புகை. அவர் முதலில் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தி, அந்த மூன்று பேரையும் இழுத்து வெளியே தள்ளினார். அப்புறம் பானட்டைத் திறந்து, காற்றுப் போகிற குழாயைச் சட்டையை வைத்து அடைக்கப் போனார். அதற்குள் ஏதோ உடைந்தது. கொதிக்கிற ஆயில் இடது கையில், இங்கிருந்து இதுவரைக்கும், முழங்கை வரைக்கும்.

யாரும் சாகவில்லை. குழந்தை தூக்கத்திலிருந்துகூட முழிக்கவில்லையாம்.

எந்தச் சத்தமும் என்னால் செய்ய முடியும் சார். ஆம்புலன்ஸ் செய்வேன், மர மில் செய்வேன். அந்த என்ஜின் சத்தத்தை மட்டும் செய்வதில்லை. கேட்காதீர்கள்.

சரி, துரோகத்துக்கு வருகிறேன்.

அடுத்த ஞாயிறு. பூசை முடிந்தது. ஒருவரும் பானட்டைத் திறக்கவில்லை. டிரைவர்கள் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். நடுவில் தார்சிஸ் அண்ணன். இடது கையில் கட்டு, வலது கையில் வீல் ஸ்பானர். எதற்கு அதைக் கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது, பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று. அவர் தம்பிகள் இரண்டு பேர் பக்கத்தில்.

"சூசை அண்ணே," என்றார். "இருபது வருஷமா நீங்க சொல்றதைக் கேட்டேன். என் வண்டி செத்துப்போச்சு. கைப்பிள்ளையோட மூணு பேரு அதுக்குள்ள இருந்தாங்க. கெட்டி ஆயிலை ஊத்தச் சொன்னது நீங்கதானா, இல்ல வேற எவனாச்சுமா? வேற எவனாச்சும்னா சொல்லுங்க. நான் பாத்துக்கிறேன்."

சூசை மாமா தன் போனை எடுத்துப் பார்த்தார். தார்சிஸ், சனிக்கிழமை, ஆறு பத்து, நாலு நிமிடம். அந்த நேரத்தில் போன் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். நேராக என்னைப் பார்த்தார். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். சத்தியமாக வைத்தேன் சார். ஓர் அடி இல்லை என்றால் அரை அடி. அம்மா கூட்டத்துக்குப் பின்னால் டீ கேனோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் எதற்கோ அம்மாவையும் ஒரு பார்வை பார்த்தார். அம்மாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை.

"ம்ஹ்ம்… அதாவது…" என்றார்.

அப்புறம் அந்த ஒன்றுமில்லாத நேரம்.

"நான்தான் சொன்னேன்."

பார்த்தீர்களா சார். நாலு வருஷம் பழகி, ஒரே ஒரு தடவை அச்சு அசலாக வந்த குரல். அதை அந்த மனுஷன் இருபத்திரண்டு டிரைவர் முன்னால் நின்று தன்னுடையது என்று சொல்லிவிட்டார்.

தார்சிஸ் அண்ணன் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. அவர் அழுதுவிட்டார். வேறு எவனாவது என்றால் அடிக்கலாம். சூசை மாமாவை என்ன செய்வது?

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்கிறீர்களா? ஒரு வாரம் கழித்து டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய் நின்று, "அது நான்" என்றேன். நம்பவில்லை. அந்தக் குரலையே முழுசாகப் பேசிக் காட்டினேன். கை தட்டினார்கள் சார். "நல்லாத்தான்டா பண்ற, இன்னொரு தடவை அந்த ஜெபத்தை மட்டும் பண்ணு" என்றார்கள். தார்சிஸ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "சூசை அண்ணனே ஒத்துக்கிட்டாரு. அவரை வச்சு நக்கல் பண்ணாதடா" என்று என்னைத் துரத்தினார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நான் வாயைத் திறந்ததும் ஃபாதர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "பெர்க்மான்ஸ், இன்னைக்கு யாருப்பா நீ?" என்றார்.

கடைசியில் ஷெட்டுக்கே போனேன். தார்சிஸ் அண்ணன் வண்டி அங்கேதான் கிடந்தது. மாமா எங்கிருந்தோ ஒரு பழைய என்ஜினைக் கொண்டு வந்து தனி ஆளாக மாட்டிக்கொண்டிருந்தார். நாற்பது நாள் ஆனது. சீசன் முடிந்துவிட்டது. வேறு ஒருவரும் அந்த ஷெட்டுக்கு வண்டி கொண்டுவரவில்லை, எல்லாம் வத்தலக்குண்டுக்கு இறங்கிப் போனது.

"மாமா, அது நான்தான்னு சொல்லிருங்க," என்றேன்.

அவர் வண்டிக்கு அடியில் இருந்தார். வெளியே வரவில்லை. "இது யாரு மாதிரிடா?" என்றார்.

"யாரு மாதிரியும் இல்ல மாமா. நான்தான்."

"ம்ஹ்ம்," என்றார். அவ்வளவுதான்.

ஒரு அறை விட்டிருக்கலாம். அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். இது என்ன நியாயம் சார்? செய்தவனைச் செய்தவன் என்று சொல்லாமல் விடுவது துரோகம் இல்லையா?

இன்றைக்கும் ஊரில் அவருக்கு 'மரியே மெக்கானிக்' என்று பெயர். சின்னப் பயல்கள் அவரைப் பார்த்தால் உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்கிறார்கள். அந்தப் பெயரும் எனக்கு வரவேண்டியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார். முன்பு மாதிரி போனில் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. மஞ்சள் ஒயர், பச்சை ஒயர், ஒன்றும் கிடையாது. நாலைந்து பேர்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் என்ன கேட்டாலும் "நான் வர்றேன்" என்று வைத்துவிடுகிறார். முட்டி வலிக்கிற மனுஷன். நடந்தே வருகிறார். நேரில் வந்து, தன் கண்ணால் பார்த்து, தன் கையால் ஊற்றுகிறார்.

ஒன்று விட்டுவிட்டேன் சார். யாரிடமும் சொன்னதில்லை. ஸ்டாண்டில் பேசிக் காட்டியபோதும் அந்த இடத்தை மட்டும் பேசவில்லை.

தார்சிஸ் அண்ணன் முட்டாள் இல்லை. ஊற்றுவதற்கு முன்னால் போனில் கேட்டார். "அண்ணே, வண்டி வீட்டு வாசல்ல மேட்டுலதான் நிக்குது. மைதானத்துக்குக் கொண்டுபோய் ஒரு தடவை பாத்துட்டு ஊத்தவா?" என்று கேட்டார். சரியாகத்தான் கேட்டார்.

எனக்கு அது தெரியாதா? இந்த ஊரில் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் மைதானத்துக்குப் போனால் ஆயில் சரியாக இருக்கும், ஊற்ற மாட்டார், என் ஜோக் போய்விடும். அதனால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சூசை மாமா மாதிரி. அப்புறம், "நான் சொல்றேன்ல" என்றேன்.

அவர் அப்படி ஒருநாளும் சொன்னதே இல்லை. இருபது வருஷத்தில் ஒருவரிடமும் "நான் சொல்றேன்ல" என்று சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையில் தார்சிஸ் அண்ணன் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடிக்கவில்லை. குரல் அவ்வளவு நன்றாக இருந்தது.

சரி, பத்து நிமிடம் ஆகிவிட்டது. குச்சியை ஒருமுறை உருவிக் காட்டுங்கள்… ம், பார்த்துவிட்டேன். உங்கள் போனைக் கொடுங்கள். என் நம்பர் என்றால் எடுக்கிறாரோ இல்லையோ. நீங்களே பேசுகிறீர்களா? வேண்டாம், வளைவின் பெயர் உங்களுக்குத் தெரியாது, பின்னால் தெரிகிற அந்தச் சிலுவை மேடையின் பெயர்தான் இதற்கும். நானே பேசுகிறேன்.

ரிங் போகிறது.

"மாமா… பெர்க்மான்ஸ். இல்ல மாமா, யாரு மாதிரியும் இல்ல. குருசடி வளைவு. வெளியூர் வண்டி. இல்ல, ஊத்தல, நான் ஊத்த விடல. கல்லு வச்சிருக்கேன்… கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் கீழ. ஆனா மூக்கு மேல பாத்து நிக்குது… கல்லை எடுத்துட்டு, குருசடி முன்னாடி ஒரு வண்டி நிக்கிற அளவு இருக்கிற சமதளத்துக்குப் பின்னால உருட்டணும். ஆயில் இறங்கட்டும்னு விடணும். துடைச்சுட்டு மறுபடி பாக்கணும். அப்பவும் கம்மின்னா, இந்த வண்டிக்குன்னு புத்தகத்துல போட்டிருக்கிற ஆயில் மட்டும், கொஞ்சங் கொஞ்சமா… ம். ஆமா மாமா… மாமா?… வரணும். வரணும் மாமா."

வைத்துவிட்டார்.

என்ன சொன்னார் தெரியுமா சார்? நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம், "உனக்குத்தான் புரியுதே. இல்ல நான் வரணுமா?" என்றார்.

ஒரு வருஷமாக யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லாதவர். அது அவர் பழைய பேச்சா, இல்லை நான் பேசிய அவர் குரலை அவரே எனக்குப் பேசிக் காட்டினாரா? என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை சார். எனக்கே முடியவில்லை. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை திட்டவும் மாட்டேன் என்கிறார் பாருங்கள்.

நடந்து வர அரை மணி நேரம் ஆகும். அதற்குள் உருட்டி வைத்துவிடுவோம். நீங்கள் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். என்ஜின் ஓடாதபோது கெட்டியாக இருக்கும், விட்டுவிடாதீர்கள். மேடம், நீங்கள் இறங்கி இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.

கல்லை நான் எடுக்கிறேன்.